சாவி பிடித்த கை

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் அந்த நாற்காலிக்குக் கம்பெனி வைத்த பெயர் மூதாதையர் இருக்கை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அதைச் சாமியாடி நாற்காலி என்பார்கள். அதில் உட்காருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார்கள், கையைக் காலை உதறுவார்கள், கடைசியில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவரும் அதைத்தான் செய்கிறார். என்ன, அவருக்கு மாலை போடுவார்கள், இங்கே கட்டணம் வாங்குவோம்.

நான் தேவகனி. பிறந்தது ஏழாம் லைனில். மலைக்குக் கீழே போய்ப் படித்துவிட்டு வந்து, அந்த நாற்காலியை இயக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு துளி ரத்தம் எடுத்து, அதில் மடிந்து கிடக்கும் முன்னோரின் நினைவைப் பிரித்து, உட்கார்ந்திருப்பவருக்குள் ஓட்டிக்காட்டும் இயந்திரம் அது. இங்கிலாந்திலிருந்து பழைய துரைமார்களின் பேரன் பேத்திகள் வருவார்கள். மானேஜர் பங்களாவைக் கம்பெனி ஓட்டலாக மாற்றியிருந்தது. மூடுபனியில் குதிரைச் சவாரி, வராந்தாவில் தேநீர் என்று பாட்டன் வாழ்ந்த ஒரு காலைப்பொழுதைத் தேடி எடுத்து ஓட்டுவேன். கண்கலங்கி, என் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

எட்வின் ஹால்ஸ்டெட் வந்தது மழை விட்ட பிறகு. அறுபதை ஒட்டிய வயது. யார்க்‌ஷயர் பக்கம் ஒரு பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தாதான் எங்கள் எஸ்டேட்டை உண்டாக்கிய துரை. பக்கத்தில் இருக்கும் இரண்டு எஸ்டேட்டுகளும் அவர் கையில்தான் இருந்தன. வாயிலிருந்து சுருட்டு இறங்காது என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவர் சுருட்டுத்துரை. கம்பெனி புதிதாகக் கட்டியிருக்கும் இன்னொரு ஓட்டலுக்கு அந்தத் துரையின் பெயரை வைக்கிறார்கள், திறந்துவைக்க வாரிசு வந்திருக்கிறார்.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க. எட்வின் போதும்" என்றார் வந்த உடனே. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே நம் பேச்சில் சொல்கிறேன்.

"சரி சார்" என்றேன். பழகின நாக்கு அவ்வளவு லேசில் திருந்தாது.

நல்ல மனிதர். சிக்கலே அதில்தான் இருந்தது. நிறவெறியைப் பற்றி அலமாரி நிறையப் படித்திருந்தார். அவர் ஊரில் வெள்ளைக்காரர்களாகக் கூடி உட்கார்ந்து, தங்களுக்குள் அந்த வெறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் குழு ஒன்று இருந்ததாம்.

"தோண்டி என்ன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"குற்ற உணர்ச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிப்போம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பினால்தான் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

நாற்காலியில் உட்காருவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்டார். "அவரோட முழு வாழ்க்கையும் தெரியுமா?"

"தெரியாது சார். பிள்ளை கருவாகிற வரைக்கும் நடந்ததுதான் ரத்தத்துல இறங்கும். அதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சாலும் அது அவரோட போச்சு. அப்பா வழி, அம்மா வழி ரெண்டும் உங்களுக்குள்ள இருக்கு. இங்க வர்றவங்க அப்பா வழியைத்தான் கேப்பாங்க."

"நீங்க எல்லாருக்கும் நல்ல நினைவாத் தேடிக் கொடுப்பீங்களாமே. எனக்கு அது வேண்டாம். அவர் செஞ்சதுலயே மோசமானதைக் காட்டுங்க. என் பொறுப்பு என்னன்னு எனக்குத் தெரியணும்."

இப்படிக் கேட்டவர் இதற்கு முன் யாருமில்லை. அதுவும் எனக்கு எப்படிப்பட்ட நேரத்தில் கேட்டார் என்றால், லைன் வீடுகளைக் காலிசெய்யச் சொல்லிக் கம்பெனி கெடு வைத்திருந்த நேரத்தில்.

புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. எஸ்டேட் தொடங்கிய காலத்திலிருந்தே மலையில் நிலையாகக் குடியிருந்தவர்களின் சந்ததிக்கு வீடும் அடிமனையும் சொந்தம். கம்பெனியோ, இவர்கள் பருவத்துக்குப் பருவம் வந்து கொழுந்து பறித்துவிட்டு இறங்கிப் போனவர்கள், இங்கே குடியும் இருக்கவில்லை, சாகவும் இல்லை என்றது. செத்திருந்தால் இடுகாடு எங்கே என்று கேட்டது. காய்ச்சல் பரவிய ஒரு வருஷத்தில், கொழுந்து வேலை கெட்டுவிடக் கூடாது என்று ஏழாம் லைனைச் சுருட்டுத்துரை வெளியே இருந்து பூட்டிவிட்டார் என்றும், உள்ளே செத்தவர்களை எங்கோ புதைத்தார்கள் என்றும் எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லி வந்த பேச்சு உண்டு. எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடையாளம் தெரியாமல் மலை முழுக்க மரம் நட்டுவிட்டார்கள்.

குடியிருப்பு ஆணையம் எங்கள் ஆட்களையும் இதே மாதிரி நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தது. என் அம்மா பூரணமும் உட்கார்ந்தாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி, சிறுமியாக, பூட்டிய லைனுக்குள் இருந்திருக்கிறாள். "ஒரே இருட்டு. கதவு மட்டும் தெரியுது. பக்கத்துல அக்கா இருக்கா. சாவுத சத்தம் கேக்கக் கூடாதுன்னு என் காத ரெண்டு கையாலயும் இறுக்கிப் பொத்திக்கிட்டா. அதான் எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று ஆணையத்தில் அழுதுகொண்டே சொன்னாள். அந்த அக்கா பிழைத்தாள் என்பதும், பிறகு பங்களாவுக்கு வேலைக்கென்று கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்பதும் எங்கள் வீட்டில் அரைகுறையாகப் பேசப்படுகிற கதை.

கம்பெனி வக்கீல் சேஷகிரி எழுந்து, சத்தமே இல்லாத நினைவை எப்படி நம்புவது என்று கேட்டார். ஆணையம் ஒரு விதி சொன்னது. தொழிலாளர் தரப்பு நினைவு தனியாக நிற்காது. நிர்வாகத் தரப்பு நினைவு ஒன்றாவது அதோடு ஒத்துப்போக வேண்டும், இடத்தையும் காட்ட வேண்டும், அப்போதுதான் தோண்ட அனுமதி. விதி எழுதியவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலமாயிற்று, அவன் வாய்ச்சொல்லுக்கு இருந்த மரியாதை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆகவே எட்வின் மோசமானதைக் கேட்டபோது நான் காய்ச்சல் வருஷத்தைத் தேடினேன்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடும். மேலே இருப்பது உட்கார்ந்திருப்பவரின் இதயத் துடிப்பு. கீழே இருப்பது முன்னோருடையது. அன்றைக்கு மேல்கோடு எகிறிக் குதித்தது. கீழ்க்கோடு ஆடாமல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழுந்தவர் தண்ணீர் கேட்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவி" என்றார். "பெரிய இரும்புச் சாவி. பனியில ஜில்லுனு இருந்துச்சு. நான்தான் பூட்டினேன்."

"அவர் பூட்டினார்" என்றேன்.

"உள்ளே இருந்து கதவைத் தட்டறாங்க. நல்லாக் கேக்குது. அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? முட்டை பதமா வெந்திருக்குமான்னு நினைச்சேன். நேத்து சமையல்காரர் ரொம்ப வேகவச்சிட்டார், இன்னைக்காவது சரியா இருக்கணும்னு. அவ்வளவுதான் தேவகனி. வெறுப்பு இல்லை, கோபம்கூட இல்லை."

 கீழ்க்கோடு ஏன் ஆடவில்லை என்று புரிந்தது.

"இத்தனை வருஷமா எனக்குள்ள நான் வெறுப்பைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். "யார்மேலயும் எனக்கு வெறுப்பு இல்லை, அதனால நான் பரவாயில்லைன்னு நிம்மதியா இருந்தேன். அவருக்கும் யார்மேலயும் வெறுப்பு இல்லை."

புதைத்த இடத்தையும் பார்த்திருந்தார். மறுவாரக் காலை ஒன்றில், உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், பெரிய பாறைக்கும் ஓடைக்கும் நடுவே, சுருட்டால் இடத்தைக் காட்டிக்கொண்டு துரை நின்றிருக்கிறார். அப்போதும் கோடு ஆடவில்லை.

நான் ஆணையத்தைப் பற்றியும் கெடுவைப் பற்றியும் சொன்னேன். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பங்களாவில் பார்த்த நினைவு பார்த்தவருக்கு மட்டும் சொந்தம். ஆணையத்தில் என்றால் சபை நடுவில் உட்கார வேண்டும், திரையில் படம் ஓடும், உடம்பும் மனசும் உணர்ந்ததை உட்கார்ந்திருப்பவர் தன் வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வெட்டவோ குறைக்கவோ கூடாது. அதையும் சொன்னேன். "கட்டாயம் வர்றேன்" என்றார். "இதுக்காகத்தான் நான் வந்திருக்கணும்." அழுதார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா இருந்த ஒரே நல்ல கிளாசில் டீ கொடுத்தாள். கையில் வாங்கியவர் குடிக்காமல், வாசலிலேயே அவள் முன்னால் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"மன்னிக்கதுக்கு நான் யாருட்டி? செத்தவங்கள்லா மன்னிக்கணும். அழுதுக்கிட்டே நின்னா டீ ஆறிரும், குடிக்கச் சொல்லு. எப்ப வந்து சொல்லுவாருன்னு கேளு."

"வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருவார்மா."

"அப்பச் சரி" என்றாள்.

புதன்கிழமை அவர் அக்கா ஜூடித் கைபேசித் திரையில் வந்தாள். ஓட்டல் வராந்தாவில் பேசியதால் பாதி என் காதில் விழுந்தது. ஊர்த் தேவாலயத்தில் கொள்ளுத்தாத்தா பெயரில் கல்வெட்டு இருக்கிறது, காய்ச்சல் காலத்தில் ஏழைகளைக் காத்தவர் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்பா தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டவர். நீ போய் உலகத்துக்கு முன்னால் முட்டைக் கதை சொல்லப்போகிறாயா? அந்தக் காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான். இதுதான் அவள் பேச்சின் சாரம்.

அதற்குப் பிறகு எட்வினின் சுருதி இறங்கியது. "ஒரு புத்தகம் எழுதலாம்னு பாக்கறேன்" என்றார் என்னிடம். "என்னை மாதிரி வெள்ளைக்காரங்க படிப்பாங்க. ஆயிரக்கணக்கான பேருக்குப் புரியும். ஆணையத்துல சொல்றதைவிட அதுக்குப் பலன் அதிகம் இல்லையா?"

"புரிஞ்சு என்ன செய்வாங்க சார்?"

அவர் பேச்சை மாற்றினார். தன் தாத்தாவின் அம்மா வழி நினைவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பங்களாவில் இருந்த துரைசானி, கொள்ளுப்பாட்டி, கொஞ்சம் ஈரமனசு உள்ளவராக இருந்திருக்கலாம். கணவரைத் தடுக்கவாவது பார்த்திருப்பார். அதைப் பார்த்துவிட்டால் தனக்குத் தெம்பு வரும் என்றார். நல்லவர்கள் யாராவது குடும்பத்தில் கிடைப்பார்களா என்று கை நீட்டித் துழாவுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் உட்காரவைத்தேன்.

இந்த முறை இரண்டு கோடுகளும் சேர்ந்து எகிறின. உதடு அசைந்தது. அசைந்தது தமிழில்.

கண் திறந்தவர் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. சந்தோஷம்.

"துரைசானி இல்லை" என்றார். "கை கறுப்பா இருந்துச்சு. விரல்நுனியெல்லாம் தேயிலைக் கறை. நான் உள்ளே இருந்தேன் தேவகனி, பூட்டின கதவுக்கு உள்ளே. என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. அவ காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் கதவைத் திறந்தாங்க. கொட்டகைக்குப் பின்னால தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். அப்புறம் பங்களா. எங்க தாத்தா துரைசானி பெத்த பிள்ளை இல்லை. இவங்க பெத்த பிள்ளை."

 அந்தச் சின்னப் பெண் யாரென்று எனக்குத் தெரியும். அவள் காதில் ஏன் சத்தம் விழவில்லை என்று ஆணையத்தில் அழுது சொல்லியும் நம்பப்படாமல் போனவள் என் அம்மா. ஒரே இருட்டை இரண்டு பேர் இரண்டு தேசத்தில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் சொன்னார், "அப்படின்னா நானும் உங்க ஆள்தான்."

என் வாய் மூடிக்கொண்டது.

"ஆணையத்துக்கு இவங்க நினைவைத் தர்றேன். துரையோடது மூடியே இருக்கட்டும். இதுலயும் கதவு இருக்கு, குழி இருக்கு. பாதிக்கப்பட்டவங்க வாரிசா நின்னு பேசறது இன்னும் நேர்மைதானே?"

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப்போவதில்லை. எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக வெளியே வர முடியாத அந்த இருட்டுக்குள் இந்த மனிதர் ஆறுதலுக்காக நுழைகிறார். அதுவும் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"சார், உள்ள இருந்து கதவைத் தட்டினவங்க நினைவு லைன்ல வீட்டுக்கு வீடு இருக்கு. அதை யாரும் நம்பலை, இதையும் நம்ப மாட்டாங்க. சாவி பிடிச்ச கையோட நினைவு ஒண்ணே ஒண்ணுதான். அது உங்ககிட்ட இருக்கு."

"அது நான் இல்லையே."

"பூட்டினது நான்தான்னு முதல் நாள் நீங்கதான் சொன்னீங்க. அவர்னு நான்தான் தேவையில்லாமத் திருத்தினேன்."

அவர் குனிந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல வேலைக்குப் போனப்ப, வாடகைக்கு வீடு கேட்டப்ப, போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினப்ப, அவங்க யார் முகத்தைப் பார்த்தாங்க? தேயிலைக் கறை இருந்த விரலையா பார்த்தாங்க? நல்லதுக்கெல்லாம் துரை வாரிசு, கணக்குத் தீர்க்கிற அன்னைக்கு மட்டும் கூலிக்காரி வாரிசா?"

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "பயமா இருக்கு" என்றார். "அந்த முட்டை. எல்லார் முன்னாலயும், என் வாயால."

"தெரியும் சார்" என்றேன். தைரியம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு வீடு போகப்போகிறது, அவருக்குப் பெயர் போகப்போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை, துரைமார் ஆடிப்பாடிய பழைய கிளப் கட்டடத்தில் நடந்தது. லைன் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். ஆணையத் தலைவர் வசுந்தரா, ஓய்வு பெற்ற நீதிபதி, எட்வினிடம் யார் என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. "இந்த எஸ்டேட்டை ஆண்ட துரையோட கொள்ளுப்பேரன். அவர் பேரால கிடைச்ச எல்லாத்தையும் அனுபவிச்சவன். அவரோட நினைவைக் கொடுக்க வந்திருக்கேன், முழுசா" என்றார்.

திரையில் கை வந்தது, வெளுத்த கை. சாவி வந்தது. தட்டுகிற சத்தம் கிளப் முழுக்கக் கேட்டது. அம்மா அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். எட்வின் கண்ணை மூடியபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். குளிர், பூட்டு, முட்டை. முட்டையைச் சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனால் தாண்டிப் போகவில்லை. பாறைக்கும் ஓடைக்கும் நடுவே சுருட்டு நீண்டபோது கூட்டத்தில் யாரோ கேவினார்கள்.

சேஷகிரி எழுந்தார். "கனம் தலைவர் அவர்களே, அந்தக் காலத்தின் அளவுகோலை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்."

எட்வின் கண்ணைத் திறந்தார். "கதவுக்கு உள்ளே இருந்தவங்களும் அந்தக் காலத்து ஆளுங்கதான். அது தப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

சேஷகிரி உட்கார்ந்துவிட்டார். தலைவர் தோண்ட உத்தரவிட்டார். மறுநாளே எனக்கு வேலை போயிற்று, அது எதிர்பார்த்ததுதான். ஜூடித் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாளாம்.

தோண்டிய அன்று மலையில் வெயில் நன்றாக அடித்தது. இரண்டு ஆள் ஆழத்தில் எலும்புகள் கிடைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, சில கைகளில் பித்தளை வளையல் அப்படியே இருந்தது. லைன் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எட்வின் தடுப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றார். அவரும் அழுதார்தான். ஆனால் யாரிடமும் வந்து அழவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மண் அள்ளுகிறவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி போய் நின்றுகொண்டார்.

கெடு ரத்தானது. வீடு எங்களுடையது என்று ஆகிவிட்டது. எட்வின் தன் தாத்தாவின் அம்மா வழியில் என்ன பார்த்தார் என்பதை அன்று ராத்திரிதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் இரண்டு கையையும் தன் காதுமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அப்ப அவரு அந்த அக்கா கொள்ளுப்பேரன்லா" என்றாள். "முறைக்கு எனக்கு அண்ணன். உனக்கு மாமாட்டி. நம்ம ரத்தத்த வாசல்ல நிக்க வச்சு டீ குடுத்திருக்கனே. இப்பமே போயிச் சொல்லுட்டி."

"சொல்றேன்மா."

"எப்ப?"

பக்கத்து இரண்டு எஸ்டேட்டுக்கும் அடுத்தடுத்த மாதம் விசாரணை. அங்கேயும் சுருட்டுத்துரைதான் ஆண்டார், அங்கேயும் ஆட்கள் இடுகாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். துரையின் நினைவை அங்கேயும் கொடுக்க வேண்டும் என்று எட்வின் ஊருக்குப் போகவில்லை. கீழே ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அந்த விசாரணைகளுக்குப் போக வண்டி ஏற்பாடு செய்வது பற்றிப் பேச, மறுநாள் விடிந்ததும் போனில் கூப்பிட்டார்.

"தேவகனி, இப்பவாவது எட்வின்னு கூப்பிடலாமே" என்றார்.

"கூப்பிடறதுக்கு வேற ஒண்ணு வச்சிருக்கேன்" என்றேன். "ரெண்டு விசாரணையும் முடியட்டும் சார்."